நாற்பது நாட்களுக்குரியது

மேல்மாடிக்கும் கூரைத் தகரத்துக்கும் இடையில் இருந்த அந்தத் தட்டுக்குப் போக ஓர் ஏணி மட்டுமே இருந்தது. எண்பது வயதை நெருங்கிய பெரியவர் எனக்கு முன்னால் ஏறினார். அவருடைய நீண்ட பெரன் அங்கியின் தொங்கலில் தலை இடித்துவிடாமல் நான் பின்னால் ஏறினேன். உள்ளே வெளிச்சம் குறைவு. முதலில் வந்தது மணம்தான்: காய்ந்த மிளகாய், காய்ந்த புல், அக்ரூட் தோடு, அவற்றுக்கு நடுவே எங்கள் கற்பிட்டிக் கடற்கரையை நினைவூட்டிய காய்ந்த மீனின் மணம். கண் பழகிய பிறகு பார்த்தால், உத்தரங்களிலிருந்து மாலை மாலையாகக் காய்கறி தொங்கிக்கொண்டிருந்தது. சுரைக்காய், கத்தரிக்காய், தக்காளி, டர்னிப் கிழங்கு எல்லாம் கீறப்பட்டு, நூலில் கோக்கப்பட்டு, வெயிலில் சுருங்கிப் போனவை. காய்ந்த சுரைக்காயை அவர் என் கையில் தந்தபோது, தோல் துண்டொன்றைத் தொட்டது போல இருந்தது.

இது காஷ்மீரில், லித்தர் ஆற்றின் மேற்பள்ளத்தாக்கில் ஒரு மலைவீடு. பஹல்காமைக் கடந்து, வண்டிப் பாதை முடிந்த பிறகும் சிறிது தூரம் நடக்க வேண்டும். ஜித்தாவில் நான் கணக்கெழுதிய கம்பனியில் என்னோடு ஒரே அறையில் ஏழு வருடங்கள் கிடந்த நண்பரின் வீடு அது. 2017 ஒக்டோபரில் தில்லி வரை போக வேண்டிய தேவை ஏற்பட்டபோது, அங்கிருந்து பத்து நாட்களுக்கு அவரிடம் போனேன். அவர்கள் குளிர்காலத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நாட்கள் அவை. விருந்தாளியை உட்காரவைத்துப் பேச அந்த வீட்டில் யாருக்கும் நேரமில்லை. நானும் கையில் கிடைத்ததைத் தூக்கினேன்.

குளிர் என்றால் எமக்கு நுவரெலியாதான். அங்கே ஒரு கம்பளிச் சட்டையோடு விஷயம் முடிந்துவிடும். காஷ்மீரிகளோ குளிருக்கு ஒரு நாட்காட்டியே வைத்திருக்கிறார்கள். டிசெம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாட்களுக்கு ‘சில்லாய் கலான்’ என்று பெயர், பெருங்குளிர் எனலாம். அதன் பின் இருபது நாட்கள் ‘சில்லாய் குர்த்’, சிறுகுளிர். இறுதிப் பத்து நாட்கள் ‘சில்லாய் பச்சா’, குளிரின் குட்டி. குட்டி என்று செல்லமாகச் சொன்னாலும் அதுவும் கடிக்கும் என்றார் நண்பர். இந்த எழுபது நாட்களில் பாதை எப்போது மூடும், எப்போது திறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும். மின்சாரம் போனால் எப்போது வரும் என்று கேட்பது வீண். ஆகவே வேலை ஓகஸ்ட் மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. சுரைக்காய் கொடிகளில் மலிந்து, விலை போகாமல் கிடக்கும் காலத்தில் பெண்கள் அதைச் சீவிக் காயவைக்கிறார்கள். செப்டெம்பரில் அக்ரூட் அடித்து இறக்குகிறார்கள். நான் போன சமயம் சோளக்கதிர்கள் முற்றத்தில் மஞ்சளாகப் பரந்து கிடந்தன. உருளைக்கிழங்கையும் டர்னிப்பையும் வீட்டுத் தோட்டத்திலேயே குழி தோண்டிப் புதைத்தோம். பனி மூடிய பின் அந்த மண்ணே குளிரூட்டிப் பெட்டி. எங்கே புதைத்தோம் என்று தெரிய ஒரு தடியை நட்டுவைத்தார்கள். பனி உயர்ந்தால் தடியும் மறையுமே என்றேன். அதற்காகத்தான் நீளமான தடி என்றார்கள்.

ஆடு மாடுகளுக்கான புல்லை மரக்கிளைகளின் கவட்டில் ஏற்றி அடுக்கியதை அங்கேதான் முதலில் பார்த்தேன். தூரத்தில் நின்று பார்த்தால் மரம் தொப்பி போட்டிருப்பது போலத் தெரியும். கீழ்த்தளம் மாடுகளுக்கு. அவற்றின் உடற்சூடு மேலே ஏறும் என்பதும் கணக்கில் உண்டு. விறகு ஒருபுறம். அதைவிட எனக்குப் புதிதாக இருந்தது, உதிர்ந்த இலைகளையும் சுள்ளிகளையும் கூட்டிக் குவித்து, எரித்து, சரியான நேரத்தில் தண்ணீர் தெளித்துக் கரியாக்கும் வேலை. காங்ரி என்ற, பிரம்புக் கூடையில் பொதிந்த மண் சட்டிக்குள் அந்தக் கரித் தணலை இட்டு, பெரனுக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு திரிவார்கள். தண்ணீரைச் சற்று முந்தித் தெளித்தால் கரி புகையும். பிந்தினால் சாம்பல்தான் மிஞ்சும். வீட்டு மருமகளிடமிருந்து அந்த நேரத்தைப் படிக்க இரண்டு நாட்கள் முயன்று தோற்றேன்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அந்தத் தட்டில் நின்றுகொண்டு பெரியவரிடம் அரைப் பகிடியாகக் கேட்டேன். என் உர்து வளைகுடாவில் பொறுக்கிய உடைந்த உர்து. அவருடையதோ காஷ்மீரி கலந்தது. நண்பர் நடுவில் நின்றார். “சாச்சா, இவ்வளவையும் சேர்த்து வைத்த பிறகு அல்லாஹ்விடம் கேட்பதற்கு என்ன மிச்சமிருக்கிறது?”

அவர் சிரிக்கவில்லை. தலைக்கு மேலே இருந்த தகரத்தைக் கையால் தட்டினார். “இதன் மேல் எத்தனை அடி விழும் என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்பேன்” என்றார்.

அவர் சொன்னதன் பாரம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. 2005 பெப்ரவரியில், அங்கிருந்து அதிக தூரமில்லாத தென் காஷ்மீரின் வல்தெங்கு நாட் என்ற மலைக்கிராமத்தில் பனி சரிந்து 150க்கும் அதிகமானோர் மடிந்தார்கள். அந்த வீடுகளிலும் சுரைக்காய் மாலை தொங்கியிருக்கும். அந்தப் பெண்களும் தணலுக்கு நேரம் பார்த்துத் தண்ணீர் தெளித்திருப்பார்கள். ஆயத்தம் செய்பவன் தன்னை நம்புகிறான், ஆயத்தமின்றி இருப்பவன் அல்லாஹ்வை நம்புகிறான் என்று எம்மில் சிலர் தவக்குலுக்குப் பொருள் கொள்வதுண்டு. ஜித்தாவில் ஒரு சகோதரர் மாதச் சம்பளத்தை இருபதாம் திகதிக்குள் முடித்துவிட்டு, பறவைகளைப் பாருங்கள் என்பார். பிறகு எங்களிடம் கடன் கேட்பார். அவர் சுட்டிய ஹதீஸில் பறவைகள் காலையில் வெறும் வயிற்றோடு புறப்பட்டுப் போகின்றன. கூட்டுக்குள் குந்திக்கொண்டு இருப்பதில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைக்கச் சொன்ன அறிவிப்பும் நாமறிந்ததே. மலைவீட்டில் நான் கண்டது இவை இரண்டையும் தாண்டிய ஒன்று. எண்ணி எண்ணி அடுக்குகிறவனுக்கே தன் கணக்கு எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பது துல்லியமாகத் தெரிகிறது. ஒன்றையும் அடுக்காதவனுக்கு அந்த எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்றே தெரியாது. அவன் துஆ கேட்கும்போது எதைக் கேட்கிறான் என்பதும் சந்தேகமே.

ஆனால் குளிருக்கு முகம் கொடுக்க இது ஒன்றே வழி என்றும் இல்லை. நான் இருந்த நாட்களில் பக்கர்வால் இடையர்கள் மேய்ச்சல் மேடுகளிலிருந்து மந்தைகளோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆடுகள், குதிரைகள், குதிரை மேல் கட்டிய பானைகள், பானைகளுக்கிடையில் குழந்தைகள். அவர்கள் ஜம்முவின் சமவெளிக்குப் போய்ப் பனி உருகியதும் திரும்புகிறவர்கள். சேர்த்துவைக்க அவர்களுக்குக் கூரைத் தட்டில்லை. குறைஷியரின் மாரிப் பயணமும் கோடைப் பயணமும் அல்குர்ஆனில் இடம்பெற்றதை ஓதியிருக்கிறோம். பசிக்கு உணவும் அச்சத்துக்கு அபயமும் அந்தப் போக்குவரத்தின் ஊடாகவே தரப்பட்டன. யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றிலோ ஏழு செழிப்பான வருடங்களின் தானியம் கதிரிலேயே விட்டுக் காக்கப்படுகிறது. நகர்வதும் சேர்ப்பதும் ஒரே வேதத்தில் அருகருகே இருக்கின்றன. பெரியவருக்குப் பக்கர்வால்கள் மீது சிறிது இளக்காரம் இருந்ததையும் மறைக்கக் கூடாது. அவர்களின் ஆடுகள் தன் வேலியைத் தின்றுவிட்டதாகக் கத்தினார். அன்று மாலையே அவர்களில் ஒருவருக்கு ஒரு தட்டுச் சோளமா கொடுத்தனுப்பியதையும் பார்த்தேன்.

அந்தத் தட்டுக்கு ஒரு கதவும் கதவுக்கு ஒரு பூட்டும் உண்டு. திறப்பு அவர் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. எனக்கு அது உறுத்தியது. கேட்டும்விட்டேன். நாற்பது நாட்களுக்குரியது வீட்டுக்கு, அதை யார் வந்து கேட்டாலும் கொடுப்பதில்லை என்றார். அதற்கு மேல் இருப்பது? அதற்கு மேல் இருப்பது இன்னும் யாருடையதென்று தெரியாது, குளிர் முடிந்த பிறகுதான் தெரியும். இதை ஏதோ பெரிய தத்துவம் போல அவர் சொல்லவில்லை. கணக்குப்பிள்ளை சொல்வது போலச் சொன்னார். காலையில் சுபஹுத் தொழுகை முடிந்து வந்ததும் ஜன்னலைச் சற்றே திறந்து கீழேயுள்ள வீடுகளைப் பார்ப்பது அவர் வழக்கம். எந்தக் கூரையில் புகை எழவில்லை என்று பார்க்கிறார் என்றார் நண்பர். குளிர்காலத்தில் புகையில்லாத வீடென்றால் ஒன்று நோய், அல்லது விறகில்லை. பேரன் ஒருவனை அனுப்புவார்.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லாமல் தப்ப முடியாது.

2021 ஒக்டோபரில் எரிவாயு, பால்மா, கோதுமைமா ஆகியவற்றின் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் நான் உஷாரானேன். மலைவீட்டிலிருந்து படித்துவந்த பாடம் என்று மனத்துக்குள் பெருமையும் இருந்தது. 2022 தொடங்கும்போது என் வீட்டில் மூன்று 12.5 கிலோ சிலிண்டர்கள் நிரம்பி இருந்தன. ஒன்று அடுப்பில், இரண்டு கட்டிலுக்கடியில் படங்குச் சாக்கால் மூடி. அந்த இரண்டில் ஒன்று, வரிசைகள் தொடங்கிவிட்ட பிறகு தெரிந்தவரொருவர் மூலம் பின்கதவால் வாங்கியது. மார்ச், ஏப்ரலில் ஊர் முழுவதும் வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வரிசையில் விட்டுவிட்டுக் காத்துக் கிடந்தது. அடுத்த வீட்டுத் தாத்தா, கணவனை இழந்தவர், அப்பம் சுட்டு விற்று இரண்டு பிள்ளைகளைப் படிப்பிப்பவர், மதிலருகே வந்து “நானா, மிச்சம் மீதி ஏதும் ஈக்கா?” என்று கேட்டார். இல்லை என்றேன். மூன்றெழுத்துக் கூட்டிச் சொல்வதற்கு ஒரு கணமும் எடுக்கவில்லை.

பிறகு நான் செய்த காரியம், படித்தவர்கள் செய்யும் காரியம். கிதாபுகளில் எனக்கு இடம் தேடினேன். இடமும் கிடைத்தது. பதுக்குபவன் பாவி என்று கண்டிக்கும் ஸஹீஹான ஹதீஸுக்கு இமாம் நவவி (ரஹ்) தரும் விளக்கம், எமது மத்ஹபின் நிலைப்பாடு, இதுதான்: தட்டுப்பாட்டுக் காலத்தில் உணவுப் பொருளை விற்பனைக்காக வாங்கி, விலை ஏறட்டும் என்று தடுத்துவைப்பதே தடுக்கப்பட்ட பதுக்கல். மலிந்த காலத்தில் வாங்கியதும், தன் தோட்டத்தில் விளைந்ததும், தன் வீட்டுத் தேவைக்கு வைத்திருப்பதும் அதில் சேராது. நான் விற்கவில்லை. எரிவாயு உணவுமல்ல. தப்பிவிட்டேன்.

தப்பவில்லை என்பதைக் காட்டியதும் அதே கிதாபுதான். நபியவர்கள் (ஸல்) தமது குடும்பத்துக்கு ஒரு வருடத்துக்குரிய உணவை ஒதுக்கிவைத்தார்கள் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘இஹ்யா’வில், குடும்பஸ்தன் ஒரு வருடத்துக்குச் சேர்ப்பது தவக்குலுக்கு முரணில்லை என்பதற்கு இதையே ஆதாரமாக்குகிறார். ஆனால் அவர்கள் வபாத்தானபோது, வீட்டுக்கு வாங்கிய வாற்கோதுமைக்காகக் கவசம் ஒரு யூதரிடம் அடகில் இருந்தது என்பதும் புகாரியில்தான் உள்ளது. வருடத்துக்குச் சேர்த்தவர் வீட்டில் வருடம் முடியுமுன் வாற்கோதுமைக்கு ஏன் அடகு? ஒதுக்கியது ஒதுக்கியபடி நிற்கவில்லை, வந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்குமாக இடையிலேயே போய்விட்டது என்று நவவி இமாம் இணக்கம் காண்கிறார். நான் முதல் ஹதீஸைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதற்கு முன்னால் பக்கத்தை மூடியிருந்தேன்.

இரண்டு சிலிண்டருக்கிடையில் ஒரு வேறுபாடு இருக்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன். முதலாவது, எல்லோருக்கும் கிடைத்துக்கொண்டிருந்தபோது வாங்கியது. ஓகஸ்ட் மாதச் சுரைக்காய் அது, அதைக் காயவைத்ததால் யாருடைய சட்டியும் காலியாகவில்லை. இரண்டாவது, வரிசையில் நின்ற யாரோ ஒருவருக்குச் சேர வேண்டியது. ஒரே கட்டிலுக்கடியில், ஒரே சாக்கின் கீழ் இருந்தாலும் அவை ஒரே பொருளல்ல. ஆயினும் முதலாவதும் முற்றிலும் சுத்தமானதா? மலிந்த காலத்தில் சேர்த்துவைக்கக் கையில் மேலதிகக் காசு வேண்டும், வைக்க இடம் வேண்டும். அப்பம் சுட்டு அன்றன்று அரிசி வாங்குகிறவருக்கு ஓகஸ்ட் மாதமே வருவதில்லை. அவரைப் பார்த்து, முன்யோசனை இல்லாதவர் என்று சொல்வது எவ்வளவு இலேசு! அந்நாட்களில் அதை நான் மனத்துக்குள் சொல்லியும் இருக்கிறேன். அந்தலூஸின் இப்னு ஹஸ்ம் (ரஹ்) ‘அல்முஹல்லா’வில், ஓர் ஊரின் ஏழைகளுக்கு உணவு, குளிருக்கும் கோடைக்குமான உடை, மழையும் வெயிலும் தடுக்கும் வீடு ஆகியவற்றைக் கொடுப்பது அவ்வூர்ச் செல்வந்தர் மீது கடமை, ஸகாத் போதாவிட்டால் ஆட்சியாளர் அவர்களைக் கட்டாயப்படுத்தலாம் என்கிறார். ஏனைய இமாம்கள் எல்லோரும் இதை இவ்வளவு கறாராகச் சொல்வதில்லை. ஆனால் ஆயத்தம் என்பது ஒவ்வொருவரின் தனிக் குணமல்ல, ஊரின் பொறுப்பு என்று அவர் பார்த்த பார்வையை என்னால் ஒதுக்க முடியவில்லை.

எங்கள் உம்மா இப்னு ஹஸ்மை அறிந்தவரல்லர். 1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எமது மக்களில், மன்னார்த் தீவினர் தோணிகளில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியபோது எனக்குப் பதினாலு வயது. மாரி தொடங்கும் நேரம். உம்மா மாரிக்கென்று சிரட்டையும் பொச்சுமட்டையும் தென்னம்பாளையும் குசினித் தாழ்வாரத்தில் அடுக்கி, மூன்று சாக்கு அரிசியும் கருவாடும் வைத்திருந்தார். வந்தவர்களும் தங்கள் வீடுகளில் அப்படித்தான் வைத்திருந்திருப்பார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள். ஆறு நாளில் எங்கள் மூன்று சாக்கும் முடிந்தது. அதன் பின் எங்களுக்கே கஞ்சி. உம்மாவை ஒரு வலிய்யாக நான் வரையப் போவதில்லை. அந்த மாதம் முழுவதும் வாப்பாவோடு சண்டை பிடித்தார். பல வருடங்களின் பின், கைக்குழந்தையாக இருந்த தங்கச்சிக்கென்று இரண்டு கொத்து அரிசியைப் பால்மா டின்னில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்திருந்ததாக ஒரு நாள் சொன்னார். சொல்லும்போது குரல் தாழ்ந்துபோனது. அந்த இரண்டு கொத்தை நினைத்து அவர் வெட்கப்பட்டிருக்கிறார். பெரியவரின் நாற்பது நாள் கணக்கின்படி அவருக்கு அதற்கு மேலும் உரிமை இருந்தது. எனக்குத் தெரிந்த கட்டில்கள் இரண்டு. இரண்டின் அடியிலும் ஏதோ ஒளிந்திருந்தது. ஆனால் அளவு வேறு.

கூரைத் தட்டைவிட்டு இறங்குமுன் பெரியவர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டியதைச் சொல்ல மறந்துவிட்டேன். கற்பூர மணத்தோடு வெள்ளைத் துணி மடித்திருந்தது. மகன் ஜித்தாவிலிருந்து வரும்போது ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவந்த கபன். சோளம், மிளகாய், சுரைக்காய் வரிசையில் அதுவும் ஒன்றாக இருந்தது. “இது மட்டும் எத்தனை நாளுக்கென்று கணக்கில்லை” என்று சொல்லி மூடினார். 2019 ஓகஸ்டில் காஷ்மீரின் தொலைபேசிகள் துண்டிக்கப்பட்டு, பல வாரங்களின் பின் நண்பரின் குரல் கேட்டபோது, கடைகள் மூடிக் கிடந்த நாட்களில் முந்தைய குளிர்காலத்து மிச்சமே வீட்டைக் காப்பாற்றியது என்றார். அடுத்த குளிர்காலத்தில் பெரியவர் காலமானார். சில்லாய் கலானின் நடுவில். உறைந்த மண்ணைத் தோண்டக் கீழ்வீடுகளின் ஆண்களெல்லோரும் வந்தார்களாம்.

இப்போது அங்கும் நிலைமை மாறிவருகிறது. 2021இல் பனிஹால் பக்கம் புதிய சுரங்கப்பாதை திறந்தது. 2025 ஜூனில் ரயிலே ஜம்முவின் மலைகளைத் துளைத்து ஸ்ரீநகர் வரை போயிற்று. நண்பரின் மகள் ஜனவரியிலும் பச்சைக் காய்கறி வாங்குகிறாள். காய்ந்த சுரைக்காய் ஏறக்குறைய ஒரு பண்டிகைப் பலகாரமாகிவிட்டது. நல்லதுதான். புகையைப் பார்ப்பதற்கு ஜன்னலைத் திறக்கிறவர் யாரும் உண்டா என்று கேட்டேன். ஹீட்டருக்குப் புகையேது என்றார்.

2023இல், வரிசைகளெல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு நோன்புக் காலத்தில் அடுத்த வீட்டுத் தாத்தாவிடம் போனேன். கஞ்சிச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கிற சாட்டு. அந்த மார்ச்சில் கட்டிலுக்கடியில் இரண்டு சிலிண்டர் இருந்ததென்று சொன்னேன். மாவைக் கரைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“தெரியும் நானா” என்றார். “ஊரெல்லாம் வெறகுதானே எரிச்ச. ஒங்கட குசினியால மட்டும் பொகையே வரல்ல.”